ஞாயிறு பதினொரு மணித் தாய்ப்பாசம்

தலைமுறை இடைவெளி என்கிற கொடுநோயால் உலகம் தத்தளித்துக்கொண்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்துவிட்டதாம். அறிஞர்கள் கரையில் நின்று அதன் ஆழத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பள்ளத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரே தீர்மானத்தில் மூடிவிட்டோம். ஆதரவு மூன்று, எதிர்ப்பு இல்லை. அம்மாவுக்கு வாக்கு கிடையாது. அவள் தீர்மானத்தின் பொருளே தவிர உறுப்பினர் அல்ல.

இதில் என் பங்கு சிறிது என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அலுவலக நேரம் தவிர. நான் ஒரு மெத்தைக் கம்பெனியில் வாடிக்கையாளர் உறவுப் பிரிவின் துணை மேலாளர். மெத்தை வாங்கியதிலிருந்து முதுகு வலிக்கிறது என்று கூப்பிடுகிறவர்களிடம், முதுகைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அரை மணி நேரம் அன்பாகப் பேசுவது என் தொழில். "உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிறேன். இப்பேர்ப்பட்ட திறமையை ஊரானுக்கே செலவழித்துவிட்டுப் பெற்ற தாய்க்கு மறுப்பது பாவமல்லவா?

மற்ற உறுப்பினர்களையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். அக்கா ஒரு பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை. அவள் "அமைதி" என்றால் மின்விசிறிகூட ஒரு சுற்று தயங்கும். தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அங்கே என்ன செய்கிறாய் என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். அவன் விளக்கினான். பிறகு அவள் கேட்கவில்லை. நாங்கள் மூவரும் மூன்று ஊர். அம்மா நாலாவது ஊரில், ஒரு வாடகை வீட்டில் தனியாக. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்கத் தெரிந்தவள் என்பதால், அவளுக்குப் பிடிமானம் தேவைப்படும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் தீர்மானத்துக்கு முன்பு நிலவிய காட்டுமிராண்டிக் காலத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அம்மா கண்ட நேரத்தில் போன் பண்ணுவாள். என்னம்மா என்றால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பாள். ஒன்றுமில்லாததற்கு ஒரு நிர்வாகத்தில் இடம் ஏது? அதனால் விதிகள் வகுத்தேன். ஞாயிறு பதினொன்று முதல் பதினொன்றரை வரை திரைவழிக் கூட்டம். வெள்ளிக்கிழமை காலையில் நோட்டீஸ், திங்கட்கிழமைக்குள் கூட்டக் குறிப்பு. இவை அமலில் இருக்கும் வரை, விதி நான்கின்படி, எவரும் எவரையும் தனியாகச் "சும்மா" கூப்பிடலாகாது. மூவரில் இருவராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். இதைக் கோரம் என்பார்கள். பொருத்தமான சொல்தான்.

முதலில் வருகைப் பதிவு. பிறகு சென்ற கூட்டத்தின் குறிப்பு. பிறகு அக்காவின் அறிக்கை, என் அறிக்கை, தம்பியின் தொழில்நுட்ப அறிக்கை. கடைசியில் "இதர விஷயங்கள் (அம்மா)" என்று நாலு நிமிடம். ஒலியை அடைக்கும் அதிகாரம் அக்காவிடம் இருந்தது. முதல் கூட்டத்திலேயே அம்மா யாருடைய அறிக்கைக்கும் காத்திராமல், ஏன்டி இளைச்சிட்ட என்று அக்காவைக் கேட்டு ஒழுங்குப் பிரச்சினையைக் கிளப்பினாள். அக்கா உடனே அதிகாரத்தைப் பயன்படுத்தினாள். முறை வந்து ஒலியைத் திறந்துவிட்டதும் அம்மா சொன்னாள்:

"பஸ்ல எழுபது பேரு ஒரே நேரத்துல கத்துவாங்க. யாரு எங்க இறங்கணும்னு அத்தனையும் என் காதுல விழும். இங்க இருக்கிறது நாலு பேரு. நான் பேசுறதே எனக்குக் கேட்க மாட்டேங்குது."

இதை "தொழில்நுட்பம் குறித்து அம்மா ஆர்வம் தெரிவித்தார்" என்று குறிப்பில் பதிவு செய்தேன்.

மூன்றாவது கூட்டத்தில் இன்னொரு சிக்கல் எழுந்தது. அம்மாவுக்குப் பின்னால் சுவரில் ஈரம் பூத்து, ஒரு பெரிய ஆமை மாதிரி படர்ந்திருந்தது. கொடியில் துண்டு வேறு தொங்கியது. அக்கா கூட்டத்தில் இருக்கும்போது அவளுடைய பள்ளி ஆட்கள் யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் மானம் போகும் என்றாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று அம்மா கேட்டாள். தம்பி சிரித்துவிட்டான். அதெல்லாம் பழைய காலம். இப்போது சுவரைத் தொடவே வேண்டாம், சுவர் இருக்கிற எண்ணத்தை மாற்றினால் போதும் என்றான். அவன் கடைசியாக அங்கே போயிருந்தபோது, ஆமை பிறப்பதற்கு முன்பு, எடுத்த கூடத்தின் படம் ஒன்று அவனிடம் இருந்தது. பச்சை சோபா, அலமாரி, ஜன்னலில் காலை வெயில். எங்கிருந்தோ இரண்டு பொத்தானைத் தட்டினான். அம்மாவின் பின்னால் அம்மாவின் கூடமே, ஈரம் இல்லாமல், துண்டு இல்லாமல், ஒளிவீசிக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அம்மா என்றும் மாறாத இளவெயிலில் காட்சி தந்தாள். கையை ஆட்டினால் மட்டும் விரல்கள் சோபாவுக்குள் கரைந்துபோகும். இது ஒரு சிறிய குறை. அம்மாவுக்கே குறையாகத் தெரியவில்லை. "பேசும்போது கையை ஆட்டாதேன்னு அறுபது வருஷமா எல்லாரும் சொன்னாங்க. கையையே எடுத்துட்டான் பாரு என் புள்ள" என்றாள்.

இப்படி நதி போல ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தில், ஒரு ஞாயிறு, அம்மா தன் நாலு நிமிடத்தில் ஒரு விஷயத்தைக் கிளப்பினாள். வீட்டுக்காரரின் மகள் பல் டாக்டராம். அங்கே கிளினிக் வைக்கப்போகிறாளாம். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் பெரிசா வேண்டாம். யாராவது ஒருத்தர் ரெண்டு நாள் வந்து, இனிமே நான் எங்க இருக்கலாம்னு கூட உட்கார்ந்து யோசிச்சா போதும்."

சொல்லிவிட்டு எங்கள் மூன்று முகங்களையும் இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்த்தாள். டிக்கெட் எடுக்காதவன் யார் என்று தேடுகிற பழைய தொழில் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரச்சினையின் தீவிரத்தை உணர்ந்து உடனே அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். அடுத்த கூட்டத்தில் விவாதம் அனல் பறந்தது. அம்மா தன்னுடன் வந்து இருப்பதில் தனக்கு மகிழ்ச்சிதான் என்றாள் அக்கா. ஆனால் அவள் வீட்டு உபரி அறையில் நடைப்பயிற்சி இயந்திரம் இருக்கிறது, அது நகராது. தம்பிக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் அவன் வீட்டுப் பூனைக்கு அந்நியர் ஆகாது. நானோ அப்போதுதான் வேறு வீட்டுக்குக் குடிபோயிருந்தேன். பெட்டிகளே இன்னும் பிரிக்கவில்லை. பெட்டி பிரிக்காத வீட்டில் பெற்றவளை வைப்பது மரியாதையா? மூவரும் மகிழ்ச்சியோடு இருந்ததால் முடிவு எட்டுவது கடினமாயிற்று. கடைசியில், இதை ஆராய அக்கா தலைமையில் ஒரு துணைக்குழு அமைத்தோம். அக்கா தம்பியைக் கேட்டிருப்பாள் என்று நானும், நான் கவனித்துக்கொள்வேன் என்று தம்பியும், தம்பி சும்மாதானே இருக்கிறான் என்று அக்காவும் நம்பினோம். இதுதான் குடும்ப ஒற்றுமை.

மாதக் கடைசி வந்தது, போனது. அடுத்த ஞாயிறு எங்களுக்கு உள்ளூரக் கொஞ்சம் படபடப்புதான். திரை திறந்தது. அம்மா. பின்னால் பச்சை சோபா, அலமாரி, ஜன்னலில் காலை வெயில். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. மூவரும் பெருமூச்சு விட்டோம். வீட்டுக்காரர் மனம் மாறிவிட்டார், நல்ல மனிதர் என்றாள் அக்கா.

அன்று அம்மா முழு நாலு நிமிடமும் பேசினாள். அக்கா தன் அறிக்கையின்போது அடைத்த ஒலியைத் திறக்க மறந்துவிட்டாள் என்பதால் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் நேரத்தைச் சரியாகக் கடைப்பிடித்தாள். குறுக்கே பேசி அவளைப் புண்படுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. முடித்ததும் மூவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினோம். "வீடு தொடர்பான பிரச்சினை தானாகவே தீர்ந்தது. துணைக்குழுவுக்கு நன்றி" என்று குறிப்பெழுதினேன்.

அதன்பிறகு எட்டு மாதம். ஒரு ஞாயிறு தவறவில்லை. எங்கள் புகழ் பரவியது. நானே பரப்பினேன். என் கம்பெனி அப்போது "தாய்மடி" என்ற புது மெத்தையை வெளியிட இருந்தது. தாயோடு இடைவிடாத தொடர்பில் இருக்கும் பிள்ளை ஒருவன் கம்பெனியிலேயே இருக்கும்போது நடிகரை எதற்கு அழைக்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். என்னையும் அம்மாவையும் அவள் வீட்டுக் கூடத்தில், அந்தப் புகழ்பெற்ற ஜன்னல் வெயிலில், மெத்தை மேல் உட்காரவைத்துப் படம் எடுப்பது என்று முடிவாயிற்று. முன்கூட்டிச் சொல்லக் கூடாது, ஆனந்தக் கண்ணீர் இயல்பாக வர வேண்டும் என்றார் விளம்பரப் பிரிவு அம்மையார்.

வேன் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் போனோம். நானும் புகைப்படக்காரரும் மெத்தையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றோம். அம்மையார் மணியை அடித்தார். வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். பின்னால் பச்சை சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய சாய்வு நாற்காலி. அதில் ஒருவர் வாயை ஆவென்று திறந்தபடி கிடந்தார். என்னைக் கண்டு வியந்துதான் திறந்தார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"மெத்தை யாருக்கு? நாங்க கேட்கலையே" என்றாள் டாக்டர்.

இது எங்கம்மா வீடு என்றேன். அவர் எட்டு மாதம் முன்பே காலி செய்துவிட்டார், நல்ல மாதிரி, போகும்போது கூடத்தைக் கழுவிவிட்டுப் போனார் என்றாள். நான் சளைக்கவில்லை. போன ஞாயிறு போனில் பிடித்துவைத்திருந்த கூட்டப் படத்தைக் காட்டினேன். தேதி, நேரம், அம்மா, சோபா, ஜன்னல், எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"அந்த ஜன்னலை அடைச்சு ஏழு மாசம் ஆகுது சார்" என்றாள். "பாருங்க, எக்ஸ்ரே மெஷின் அங்கதான் இருக்கு."

படத்தில் ஜன்னல் இருந்தது. நேரில்தான் இல்லை. இந்த இரண்டில் எதை நம்புவது என்று நான் உண்மையாகவே கொஞ்சம் குழம்பினேன். நாற்காலிக்காரர் வாயை மூடாமலே எனக்காக வருத்தப்பட்டார்.

அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டிருக்கலாமே என்பீர்கள். விதி நான்கு என்ன ஆவது? விதியை இயற்றியவனே மீறலாமா? மேலும், அம்மா எங்கே இருக்கிறாள் என்று அம்மாவிடமே நான் கேட்பதைப் புகைப்படக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் மெத்தையை மறுபடி கூரையில் கட்டச் சொன்னேன். திரும்பும் வழியில் அம்மையார், "இடைவிடாத தொடர்புன்னீங்களே" என்றார். உங்கள் உணர்வு புரிகிறது என்றேன்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, ஆபீஸ் மூன்றாவது மாடிக் கூட்ட அறையைப் பூட்டிக்கொண்டு, நோட்டீஸ் கொடுக்காத முதல் அவசரக் கூட்டத்தைக் கூட்டினேன். அக்கா வகுப்பைப் பாதியில் விட்டு வந்திருந்தாள். சில மாதங்களாகத் திரையில் தன் புகைப்படத்தை மட்டும் வைத்துவிட்டுப் பேசிய தம்பி முகத்தோடு வந்தான். அவன் தாடி வளர்த்திருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா வந்தாள். பின்னால் பச்சை சோபா. பிற்பகல் மூன்று மணிக்கும் ஜன்னலில் காலை வெயில்.

"அம்மா, எங்க இருக்க?" என்றேன்.

"மீட்டிங்லதான்டா இருக்கேன்."

"அது தெரியுது. எந்த வீட்டுல இருக்க?"

"இது என்னடா கேள்வி. வீடு மாத்தப்போறதைத்தான் சொன்னேனே. எனக்குக் கொடுத்த நேரம் பூரா அதைத்தான் சொன்னேன். ஒரு இடம் பார்த்திருக்கேன், போகட்டுமா, இல்ல உங்க யார்கூடவாவது வரட்டுமான்னு கேட்டேன். மூணு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீங்க. சரி, போகச் சொல்றாங்கன்னு போயிட்டேன்."

"அன்னிக்கு நீ மியூட்ல இருந்தம்மா" என்றாள் அக்கா, மிகச் சன்னமாக.

"யாரு போட்டது?"

இந்த இடத்தைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டாள்.

தம்பி பேச்சை மாற்றி, அந்தப் படத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தான். போட்டவன் நீ, எடுக்க எனக்குத் தெரியுமா என்றாள் அவள். பிறகு அவன் பொறுமையாக, மேலே இருக்கிற புள்ளிகளைத் தொடு, மூன்றாவது வரியை அழுத்து, அழிக்கவா என்று கேட்கும், ஆமாம் சொல் என்று வழிகாட்டினான். அம்மாவின் விரல் திரையில் தயங்கியது.

"அழிச்சா நான் இருப்பேனா?"

இருப்பாய் என்று உறுதியளித்தான். சோபா போயிற்று. அலமாரி போயிற்று. வெயில் போயிற்று. ஒடுக்கமான ஒரு வெள்ளைச் சுவர் வந்தது, கம்பியில் நாலு துணி, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், பிரம்மாண்டமான ஒரு பெண் பல் தெரியத் தூங்கிக்கொண்டிருந்தாள். மழையில் அவள் இடது கால் உரிந்துபோயிருந்தது.

அந்தக் காலை ஒட்டச் சொல்லி மூன்று முறை கடிதம் எழுதியவன் நான். அது எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் கம்பெனி விளம்பரப் பலகை.

எழுந்து கூட்ட அறையின் திரைச்சீலையை விலக்கினேன். எதிரே சாவி செய்கிற கடை. அதன் மாடியில் ஒரு ஜன்னல். ஜன்னலில் அம்மா, காதில் போனோடு. கையை ஆட்டினாள். விரல் ஐந்தும் இருந்தன.

"இங்க எப்படிம்மா வந்த?" என்றேன் போனில். குரல் துணை மேலாளர் குரலாக வரவில்லை.

"உங்க மூணு பேருல யாருக்காவது பக்கத்துல இருக்கலாம்னு தோணிச்சு. அவங்க ரெண்டு பேரு விலாசமும் பழசு. நீ வீடு மாத்தினதைக் குறிப்புல போட்ட, எங்கன்னு போடல. நோட்டீஸுக்கு அடியில உன் ஆபீஸ் விலாசம் தானா அச்சாகி வரும். அதை வச்சு வந்தேன்."

"எட்டு மாசமா எதிர்லயே இருக்க. சொல்லவே இல்லையே."

"முதல் மாசம் பூரா ஜன்னல்ல நின்னு கையை ஆட்டினேன். எட்டரைக்கு வந்து இறங்குவ. தலையைத் தூக்கவே மாட்ட. போனைப் பார்த்துக்கிட்டே போவ. வெள்ளிக்கிழமைன்னா வாசல்லயே நின்னு என்னமோ தட்டுவ. உடனே எனக்கு இங்க மணி அடிக்கும். பார்த்தா, ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குத் தவறாம வரவும்னு இருக்கும். அப்புறம், சும்மா ஆட்டுற கை ஏதாவது வேலை செய்யட்டுமேன்னு, அந்த நேரத்துல துணி காயப்போட ஆரம்பிச்சேன்."

அக்கா திரையில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு சமாளித்துக்கொண்டு, நானே மிக அருகில் இருப்பதால் என்னை "நேரடித் தொடர்பு அலுவலர்" ஆக நியமிக்க முன்மொழிந்தாள். தம்பி வழிமொழிந்தான். ஏகமனதாக நிறைவேறியது. இரண்டு பேரும் முகம் தெளிந்து வேலைக்குத் திரும்பினார்கள்.

பதவி ஏற்க நான் உடனே புறப்பட்டேன். சாலையைத் தாண்டி, சாவிக்கடைக்குப் பக்கவாட்டில் ஏறினேன். இரும்புப் படி. கதவு திறந்தே இருந்தது. அம்மா அந்தத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்காருவதா, வருகையைப் பதிவு செய்வதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். பிறகு, தைரியமாக, நியாயமாக எட்டு மாதம் முன்பு சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்கே வந்துடும்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். அதற்குத்தான் எனக்குப் பயிற்சி.

"வேண்டாம்டா. இங்க இருந்தா தினமும் காலையில உன்னைப் பார்த்துடுறேன். அங்க வந்தா பார்க்க முடியுமோ என்னமோ."

அடுத்த கூட்டக் குறிப்புக்குத் துல்லியமான புள்ளிவிவரம் தேவைப்பட்டதால், இறங்கும்போது எண்ணிக்கொண்டே இறங்கினேன். அறிஞர்கள் இனி அளந்து சிரமப்பட வேண்டாம். எங்கள் குடும்பத்தின் தலைமுறை இடைவெளி, ஒரு சாலையும் இருபத்திரண்டு படியும். அதை ஏறாமல் இருப்பதற்காகத்தான் எட்டு மாதமாக ஒரு ஞாயிறு தவறாமல் நாங்கள் தொடர்பில் இருந்திருக்கிறோம்.